தரங்கம்பாடியில் அறை எடுப்பதற்கு முன்

தரங்கம்பாடிக்குத் தனியாகப் போக நினைப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட்டால் நல்லது என்று நினைத்து எழுதுகிறேன். கடந்த தை மாதம் நான் அங்கே போனபோது ரூ. 11,700 ஒரு போலி விடுதிக்காரரிடம் போயிற்று. ஆட்டோ, பேருந்து, மாற்று அறை என்று அதற்கு மேலும் நாலாயிரத்துச் சொச்சம் செலவாயிற்று. ஊரைப் பார்க்கவென்று ஒதுக்கி வைத்திருந்த நேரத்தில் கணிசமான பகுதி வங்கியோடும் காவல் துறையோடும் தொலைபேசியில் பேசியே கழிந்தது. அப்படியிருந்தும், அந்த ஊரைப் பற்றி யாராவது கேட்டால் அவசியம் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். அந்த ஊர் எந்தக் காரணத்தால் அத்தனை அழகாகவும் அமைதியாகவும் எஞ்சியிருக்கிறதோ, அதே காரணத்தால்தான் அங்கே தங்க இடம் கிடைப்பது அரிதாக இருக்கிறது. இடம் அரிதாக இருப்பதால்தான் போலிகள் அங்கே கடை விரிக்கிறார்கள். ஆகையால் ஊரின் வரலாற்றை விட்டுவிட்டு எனக்கு நடந்ததை மட்டும் சொன்னால் பாதிதான் விளங்கும்.

நான் சிவகாசிக்காரி. அச்சகம் ஒன்றில் பிழை திருத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நாட்காட்டி, பள்ளி நோட்ஸ் என்று நாள் முழுவதும் தமிழ் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவளுக்கு, அந்த எழுத்தை ஈயத்தில் வார்த்து அச்சிட்டவர்களின் ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்ததில் வியப்பில்லை. தமிழ் நூல் முதலில் அச்சானது தரங்கம்பாடியில் என்று சிலர் எழுதுவது சரியன்று. 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் ஏசு சபைப் பாதிரியார்கள் தமிழில் அச்சிட்டுவிட்டார்கள். ஆனால் அந்த முயற்சிகள் தொடராமல் போய்விட்டன. அச்சுக்கூடம், எழுத்து வார்ப்பகம், காகித ஆலை எல்லாமாகச் சேர்ந்து ஒரு தொழிலாகத் தமிழ் அச்சு காலூன்றியது தரங்கம்பாடியில்தான். செங்கோட்டையிலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் பகல் நேர ரயில் எங்கள் ஊர் வழியாகவே போவதால் பயணமும் எளிதாகத் தெரிந்தது. வீட்டில் எவருக்கும் விடுப்பு கிடைக்கவில்லை. நான் மட்டும் வியாழக்கிழமை கிளம்பிச் சனிக்கிழமை வரை இருந்துவிட்டு வருவதென்று முடிவாயிற்று.

அறை தேடும்போதே முதல் சிக்கல் தொடங்கியது. தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தபடி தங்கக்கூடிய இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உள்ளன. பொங்கல் விடுமுறையை ஒட்டிய நாட்கள் என்பதால் பதிவுத் தளங்களில் எல்லாமே நிரம்பியிருந்தன. அப்போதுதான் இணைய வரைபடத்தில் ஒரு விடுதியின் பெயருக்குக் கீழே இருந்த கைபேசி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் தெளிவான தமிழில், மிகுந்த மரியாதையோடு பேசினார். ஓர் அறை மட்டும் ரத்தாகி இருக்கிறது என்றும், நேரடியாகப் பதிவு செய்தால் தளத்தின் கமிஷன் குறையும் என்றும் சொன்னார். இரண்டு இரவுக்கு ரூ. 7,200 என்பது சந்தேகப்படும்படி மலிவாகவும் இல்லை. வாட்ஸ்அப்பில் அறையின் படங்களும், விடுதியின் முத்திரை போட்ட ரசீதும் வந்தன. பிழை பிடிப்பதே பிழைப்பாகக் கொண்ட என் கண்ணுக்கு அந்த ரசீதில் ஒரு புள்ளி, ஒரு எண் கூடத் தவறாகத் தெரியவில்லை. பயண நாளன்று ரயில் திருச்சியைத் தாண்டியிருக்கும் வேளையில் அவரே அழைத்து, மாலை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று விசாரித்துவிட்டு, வெளியூரிலிருந்து தனியாக வருபவர்களிடம் திருப்பித் தரக்கூடிய பாதுகாப்பு வைப்பாக ரூ. 4,500 வாங்குவது நிர்வாகத்தின் விதி என்றும், அறையைக் காலி செய்யும்போது அதே கணக்குக்குத் திரும்பிவிடும் என்றும் சொன்னார். அதையும் அனுப்பினேன்.

இப்போது திரும்பிப் பார்க்கும்போது, மற்றவர்கள் கவனிக்க வேண்டியவை என்று நான் சொல்வது இவைதாம். வரைபடத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை விடுதிக்காரர்தான் போட்டிருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. திருத்தம் என்று சொல்லி எவரும் எண்ணை மாற்றிவைக்க முயலலாம், சில நேரங்களில் அது ஏறியும் விடுகிறது. எண்ணை விடுதியின் சொந்த இணையதளத்திலோ சுற்றுலாத் துறை அலுவலகத்திலோ ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பேச வேண்டும். யூபிஐயில் பணம் அனுப்பும் முன் திரையில் தோன்றும் பெயர் விடுதியின் பெயராகவோ நிறுவனத்தின் பெயராகவோ இல்லாமல் யாரோ ஒரு தனிநபரின் பெயராக இருந்தால், கணக்காளர் பெயர், மேலாளர் பெயர் என்று எந்த விளக்கம் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட்டு, அதற்கு மேல் திரும்பி வரும் வைப்புத் தொகை என்று ஒன்றையும் கேட்டால் சந்தேகப்பட வேண்டும். முடிந்தால் அந்த விடுதிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கடையின் எண்ணைத் தேடிப் பிடித்து, இன்ன விடுதியில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுவிடலாம். சின்ன ஊர்களில் இது மிக எளிது, எவரும் முகம் சுளிப்பதில்லை.

மயிலாடுதுறையில் ரயில் மாலையில் வந்து சேர்கிறது. அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பேருந்தில் சுமார் முப்பது கிலோமீட்டர். தரங்கம்பாடி நிறுத்தத்தில் இறங்கும்போது நன்றாக இருட்டியிருந்தது. பிரதான சாலையிலிருந்து கடலை நோக்கித் திரும்பினால் வெள்ளை வாயில் ஒன்று நிற்கிறது. 1792ஆம் ஆண்டைத் தாங்கிய அந்த வாயில்தான் பழைய நகரின் எல்லை. அதற்குள் நுழைந்ததும் ராஜ வீதி ஒரே கோடாகக் கடல் வரைக்கும் போகிறது. வாகனச் சத்தம் வாயிலோடு நின்றுவிட்டது. எதிரே அலை சத்தம் மட்டும் கேட்டது. அந்த இருட்டிலும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. விடுதி வரவேற்பில் இருந்த இளைஞர் என் ரசீதை வாங்கிப் பார்த்தார், கைபேசியைத் திருப்பித் தந்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இது எங்க நம்பரே இல்லைங்க்கா. இந்த மாசம் இதே மாதிரி வந்தவங்க இன்னும் சில பேர் இருக்காங்க."

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது கோபமோ பயமோ இல்லை, வெட்கம். வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்பதுதான் மனத்தில் ஓடியது. அவர்களிடமும் அறை இல்லை. அந்தத் தம்பி தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் கேட்டுப் பார்த்தார். பிறகு திருக்கடையூரில் லாட்ஜ் நிறைய இருக்கிறது, எட்டுக் கிலோமீட்டர்தான், அங்கே போய்விடுங்கள் என்று ஓர் ஆட்டோவை வரவழைத்தார். திருக்கடையூரின் நிலவரம் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அமிர்தகடேசுவரர் கோயிலில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள ஊர் ஊராகக் குடும்பங்கள் வரும் இடம் அது. மறுநாள் முகூர்த்த நாளாக இருந்தபடியால் ஒவ்வொரு லாட்ஜ் வாசலிலும் வேன்கள் நின்றன. வராந்தாவில் மாலைக் கட்டுகளும், பட்டுச் சேலைப் பெட்டிகளும், பாய் விரித்துப் படுத்திருந்த பேரப்பிள்ளைகளும். ஒரே ஒரு லாட்ஜில் மட்டும் அறை இருந்தது. பதிவேட்டைப் பாதி திருப்பியவர், கூட யார் வருகிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும் பதிவேட்டை மூடினார். "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறது இல்லைங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நாங்கதான் பதில் சொல்லணும்." அடையாள அட்டையைக் காட்டினேன், அலுவலக அட்டையைக் காட்டினேன், வீட்டுக்குப் போன் போட்டுத் தருகிறேன் என்று கூடச் சொன்னேன். தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதுதான் அவர்கள் செய்ய வேண்டியது. இதைச் சொல்லி அந்த நேரத்தில் வாதாடிப் பயன் இல்லை. பணம் போனதைவிட அந்தப் பதிவேடு மூடப்பட்டதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

ஆட்டோக்காரர் வயதானவர். "காரைக்காலுக்குப் போயிரும்மா, அது பெரிய ஊரு, இப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க" என்று பொறையாறு வரை கொண்டுவந்து பேருந்து ஏற்றிவிட்டார். அவர் சொன்னது உண்மை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், தரங்கம்பாடியிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. திருநள்ளாறு சனீசுவரர் கோயிலுக்கு வருபவர்களை நம்பி அங்கே விடுதிகள் ஏராளம். இரவு பத்தரை மணிக்கு ரூ. 1,700 வாடகையில் சுத்தமான அறை கிடைத்தது. அடையாள அட்டையை நகலெடுத்துக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார்கள். தரங்கம்பாடியில் உறுதியான அறை அமையாதவர்களுக்கு நான் சொல்வது, காரைக்காலில் தங்கி, காலையில் பேருந்தில் போய், மாலையில் திரும்பிவிடுங்கள் என்பதுதான். சனிக்கிழமையை ஒட்டிய இரவுகளில் மட்டும் திருநள்ளாற்றுக் கூட்டத்தால் அங்கேயும் நெருக்கடி இருக்கும். அதற்கு முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். திருக்கடையூரை நம்பிப் போகிறவர்கள் நாட்காட்டியில் முகூர்த்த நாளா என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். நாட்காட்டி அச்சடிக்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு அதைச் சொல்ல ஓர் ஆட்டோக்காரர் தேவைப்பட்டார்.

பொறையாறிலிருந்து காரைக்கால் போகும் அந்தப் பேருந்தில் உட்கார்ந்தபடியே 1930 என்ற எண்ணை அழைத்தேன். இணையவழிப் பண மோசடிக்காக நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண் அது. பணம் போன நேரம், எந்த வங்கிக் கணக்கு, எவ்வளவு தொகை, பரிவர்த்தனைக்குரிய 12 இலக்க யூடிஆர் எண், பெற்றவரின் யூபிஐ முகவரி ஆகியவற்றைக் கேட்பார்கள். இவை எல்லாம் செயலியின் பரிவர்த்தனைப் பக்கத்திலேயே இருக்கும். பேசும்போது தேடிக்கொண்டிராமல் முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நான் பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதினேன். அவர்கள் புகாரைப் பதிந்தவுடன் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் அந்தக் கணக்கிலிருந்து இன்னும் நகராமல் இருந்தால் அங்கேயே முடக்கிவிடுகிறார்கள். எனக்கு நடந்ததும் அதுதான். நண்பகலில் அனுப்பிய ரூ. 4,500 அந்தக் கணக்கிலேயே இருந்ததால் முடங்கியது. பல நாட்களுக்கு முன் அனுப்பிய ரூ. 7,200 கை மாறி, ஊர் மாறிப் போய்விட்டது. ஆகவே வெட்கப்பட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்; இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். அதை வைத்து மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முழு விவரத்தையும் ரசீது, உரையாடல் படங்களோடு ஏற்ற வேண்டும். அந்த உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடவோ, எண்ணைத் திட்டித் தடை செய்யவோ வேண்டாம். மறுநாள் காலை அதே நபர் மீண்டும் அழைத்தார், கேட்டீர்களா. தவறு நடந்துவிட்டது, பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், செயலியில் நாங்கள் சொல்லும் ஐந்து இலக்கக் குறியீட்டை உள்ளிடுங்கள் என்றார். அந்தக் குறியீட்டை உள்ளிடச் சொன்ன இடம், தொகையை எழுதும் கட்டம். பணம் பெறுவதற்கு நாம் தொகையும் கடவு எண்ணும் போட வேண்டியதே இல்லை என்பதை நினைவில் வைத்திருந்தால் இந்த இரண்டாவது குழியைத் தாண்டிவிடலாம்.

இனி, அந்த ஊரில் ஏன் அறை இல்லை என்ற கதைக்கு வருகிறேன். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் ஆதரவில் 1616ஆம் ஆண்டு டேனிய கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் கப்பல்களோடு வந்த கடற்படைத் தளபதி ஓவ கெட்டே முதலில் இலங்கையில் கண்டி அரசரோடு ஒப்பந்தம் செய்யப் பார்த்து, அது கூடி வராமல், 1620ஆம் ஆண்டு நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். மிளகு ஏற்றுமதி செய்யவும், கோட்டை கட்டிக்கொள்ளவும், ஆண்டுக் குத்தகை கொடுத்து ஊரை வைத்துக்கொள்ளவும் உரிமை கிடைத்தது. அப்போது எழுந்ததுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. ஆனால் வந்த வேகத்தில் வணிகம் வளரவில்லை. 1640 வாக்கில் தொடங்கி 1669 வரைக்கும் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் கூட வரவில்லை. ஊரில் இருந்த டேனியர்கள் ஒவ்வொருவராக இறந்துபோக, 1655க்குப் பிறகு எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற ஒரே ஓர் ஆள் மட்டும் மிஞ்சினார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் உள்ளூர் மக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார், வங்கக் கடலில் போன கப்பல்களை மடக்கிப் பொருள் பறித்தார், அந்தப் பொருளைக் கொண்டு நகரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669இல் ஒருவழியாகக் கப்பல் வந்தபோது கோட்டையில் டேனியக் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது. ஓர் இரவு அறை கிடைக்காமல் அலைந்த எனக்கு, பதினான்கு ஆண்டு தனியாக இருந்தவரின் கதையைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதல் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஊர் செழித்தது. இன்று நாம் பார்க்கும் வீதிகளும், தூண் வைத்த வீடுகளும், ஆளுநர் மாளிகையும் அந்தக் காலத்தின் கட்டுமானங்கள். ஐரோப்பியப் போர்களின் விளைவாக ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி, 1815இல் திருப்பிக் கொடுத்தபோது வணிகம் ஏறக்குறைய முடிந்திருந்தது. 1845ஆம் ஆண்டு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து டேனியர்கள் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 1861இல் ரயில் பாதை நாகப்பட்டினத்துக்குப் போனது. சரக்கும் ஆட்களும் அதன் பின்னாலேயே போய்விட்டார்கள். தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து ஒரு கிளைப் பாதை வந்தது 1926இல்தான். அதுவும் 1980களில் நிறுத்தப்பட்டது. துறைமுகமும் இல்லை, ரயிலும் இல்லை, ஆகவே பழைய வீடுகளை இடித்துக் கடைத்தெரு கட்ட வேண்டிய அவசியமும் எவருக்கும் ஏற்படவில்லை. வணிகம் கைவிட்டதால் மிஞ்சிய ஊர் இது. அதே வணிகம் கைவிட்டதால்தான் மற்ற கடற்கரை ஊர்களைப் போல லாட்ஜ்கள் வரிசை கட்டவில்லை. இருக்கும் நல்ல விடுதிகள் கூடப் பழைய மாளிகைகளைப் பழுது பார்த்து அறைகளாக்கியவை. ஒவ்வொன்றிலும் அறைகள் சிலவே.

வெள்ளிக்கிழமை காலை காரைக்காலிலிருந்து மறுபடியும் போனேன். கோட்டைக்குள் இருக்கும் அகழ்வைப்பகம் என்ற அருங்காட்சியகம் மாநிலத் தொல்லியல் துறையுடையது. அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கதவு பூட்டியிருந்தது. இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: தரங்கம்பாடிப் பயணத்தை வெள்ளிக்கிழமை வருமாறு திட்டமிடாதீர்கள். அன்று முழுவதும் வெளியே சுற்றினேன். கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்தது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது கடல் வணிகர்களின் ஊராக இருந்ததற்கு அதுவே சாட்சி. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய கருவறைப் பகுதியைச் செப்பனிட்டு வழிபாட்டுக்குத் திறந்திருக்கிறார்கள். அதற்கு எதிரே கரையைக் காக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்கள் மேல் அலை மோதித் தெறிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்த மீனவக் கிராமத்தில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகுதான் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் போன்ற அமைப்புகளின் முயற்சியில் பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலை வேகம் பிடித்தது. ஆளுநர் மாளிகையை டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு மீட்டெடுத்தார்கள். கடற்கரையில் மீன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், நான் காலை நனைக்கப் போவதைப் பார்த்து, "அங்க இறங்காதம்மா, உள்ள கல்லு கெடக்கு, இழுவையும் ஜாஸ்தி" என்று எச்சரித்தார். கடலில் குளிப்பதற்கான ஊர் இது இல்லை. பார்ப்பதற்கும் நடப்பதற்கும் உரிய கடல்.

சனிக்கிழமை கோட்டை திறந்தது. கடலைப் பார்த்த நீண்ட கட்டடத்தின் கீழ்த்தளம் முழுவதும் வளைவுக் கூரையிட்ட கிடங்குகளும் சிறை அறைகளும். மேல்தளத்தில் முன்பு ஆளுநரும் பாதிரியாரும் வசித்த அறைகள். பீங்கான் பாத்திரங்கள், சீனத் தேயிலை ஜாடிகள், வாள்கள், பீரங்கிக் குண்டுகள், திமிங்கில எலும்பு என்று பொருட்களைக் கலந்து வைத்திருக்கிறார்கள். விளக்கக் குறிப்புகள் போதாது என்பது என் கருத்து. ஆனால் மேல்தளத்தில் நின்றால் கிடைக்கும் கடல் காற்றுக்காகவே ஏறிப் போகலாம். நான் அதிக நேரம் செலவிட்டது ராஜ வீதியில் இருக்கும் புது எருசலேம் ஆலயத்தில். 1706ஆம் ஆண்டு ஜூலையில் புளூட்சோ என்பவரோடு வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். அவரையே இந்த ஊரின் டேனியத் தளபதி சில மாதம் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார். அவர் கட்டி 1718இல் திறந்த இந்த ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முடியும் முத்திரையும் இருக்கின்றன. மறு ஆண்டே அவர் இறந்தார். உள்ளே பலிபீடத்துக்கு அருகில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அச்சுப் பொறியின் கதை. சீகன்பால்குவின் சமயப் பணிக்காக லண்டனிலிருந்து கப்பலில் அனுப்பிய அந்தப் பொறி, வழியில் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, பணம் கொடுத்து மீட்கப்பட்டு, கூட வந்த அச்சுக்காரர் நடுவழியில் இறந்துபோக, 1712இல் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டு வந்தன. அவை மிகப் பெரியவை. ஒரு பக்கத்துக்குச் சில வரிகளே அடங்கும், காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். ஆகவே இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அந்தச் சிறிய எழுத்தைக் கொண்டு 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டு முடித்தார்கள். பக்கத்தில் பொறையாறில் காகித ஆலையும் எழுந்தது. எழுத்தின் அளவைக் குறைத்துப் பக்கத்தை மிச்சப்படுத்துங்கள் என்று எங்கள் முதலாளி தினமும் சொல்வது முந்நூறு ஆண்டுப் பழைய கவலை என்று தெரிந்துகொண்டேன். அட்மிரல் வீதியில் சீகன்பால்கு வாழ்ந்த வீட்டையும் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தமிழ் அச்சில் ஆர்வம் உள்ளவர்கள் கோட்டையைவிட அங்கே அதிக நேரம் ஒதுக்கலாம்.

போகிறவர்களுக்கு வேறு சில நடைமுறைத் தகவல்களும் உண்டு. தை, மாசி மாதங்களே ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வரும் கரை இது, சித்திரைக்கு மேல் வெயில் தாங்காது. கோட்டையின் வெளிப்புறத்தையும் வீதிகளையும் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை நான்கரைக்குப் பின்னும் நடந்து பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவர்கள் நடுப்பகலில் கண்ணைக் கூசச் செய்கின்றன. சாப்பாட்டுக்குப் பழைய நகருக்குள் கடைகள் சொற்பம், பொறையாறில்தான் நல்ல மெஸ்கள் இருக்கின்றன. ஒரு பகலில் ஊரைப் பார்த்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பேருந்துச் சுற்றுலாக்கள் திரும்பிப் போன பிறகு, இருட்டத் தொடங்கும்போது ராஜ வீதியில் ஆள் நடமாட்டம் குறைந்து வீட்டுத் திண்ணைகளில் பேச்சுக் குரல் கேட்கத் தொடங்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பலர் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று விடுதித் தம்பி சொன்னார். அதற்காகவாவது உறுதியான அறை ஒன்றை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது தகும்.

ஊர் திரும்பியதும் விருதுநகர் மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் ஒப்புகை எண்ணைக் காட்டி எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். முடங்கிக் கிடக்கும் ரூ. 4,500-ஐ விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார்கள். அதற்கான மனு நிலுவையில் இருக்கிறது. ரூ. 7,200 திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. வரைபடத்தில் இருந்த அந்தப் போலி எண்ணைப் பற்றி நானும் விடுதித் தம்பியும் மாறி மாறிப் புகார் செய்த பிறகு அதை நீக்கினார்கள். அடுத்த மாதமே அதே இடத்தில் வேறொரு எண் ஏறியிருந்தது. அதையும் புகார் செய்திருக்கிறோம்.